நான் அவிழ்க்கச் சொன்ன கட்டுகள்

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப் என்றுதான் சொல்வார்கள். என் வேலைநாட்களில் வாரத்துக்கு நான்கைந்து தோல் ஷாப்புகளுக்காவது போய் வருவேன். வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனிகளுக்காகத் தோல் வாங்கி அனுப்பும் ஒரு சென்னை நிறுவனத்தில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஷாப்காரர் முதல் ரகம் என்று கட்டி வைத்திருப்பது முதல் ரகம்தானா, இரண்டாம் ரகம் இரண்டாம் ரகம்தானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதற்கென்று சென்னையில் படித்துப் பட்டம் வாங்கியவன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தேன். அதில் ஒரு நாள் காலையில் செய்த காரியத்தை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் தெருவில் பத்துப் பேர் பாய் என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் எங்கள் தொழிலில் வெறுமனே பாய் என்றால் அவர்தான். மாதனூர் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் இறங்கும் மண்சாலையில் அவருடைய ஷாப் இருந்தது. தோலை ஊறவைத்துச் சுற்றும் பெரிய மர டிரம் நான்கு, உலர்த்தும் கொட்டகை ஒன்று, வடக்கே பார்த்த நீளமான அறை ஒன்று. அவ்வளவுதான் ஷாப். பெரிய கம்பெனிகளின் ஒரு மூலைக்குக் காணாது. டிரம் சுற்றும் சத்தம் சாலையிலேயே கேட்கும். தண்ணீர் உள்ளே புரண்டு விழும் சத்தம் அது. இப்போதும் வீட்டில் வாஷிங் மெஷின் ஓடும்போது சில நேரம் எனக்கு மாதனூர் ஞாபகம் வருகிறது. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வருகிறது.

தோல் நாற்றத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். பதனிட்டு முடித்த தோலின் வாசனை வேறு. அந்த வடக்கு அறைக்குள் நுழைந்ததும் எண்ணெயும் மெழுகும் கலந்த ஒரு வாசனை வரும். வெயில் நேராக விழாத வெளிச்சம் மேசை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும். தோல் பார்க்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். பாய் மேசையின் ஒரு பக்கம் நிற்பார், நான் மறு பக்கம். அவர் உள்ளங்கையால் தடவ மாட்டார், புறங்கையால் தடவுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். என் படிப்பைக் கிண்டல் செய்வார்.

"நீங்க காலேஜுக்குப் பணம் கட்டிப் படிச்சீங்க சார். நான் அதையே கூலி வாங்கிக்கினு படிச்சேன்."

உண்மைதான். பதினாலு வயதில் இன்னொருவர் ஷாப்பில் கூலிக்குச் சேர்ந்து, நாற்பதில் சொந்த ஷாப் வைத்தவர். எல்லா ஷாப்பிலும் ரகம் பிரிக்கத் தனி ஆள் இருப்பான். பாய் மட்டும் அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. ஒரு தோல் முதல் ரகமா இரண்டாம் ரகமா என்று சந்தேகம் வந்தால் யோசிக்காமல் இரண்டாம் ரகத்தில் போடுவார். அப்படிப் போடும் ஒவ்வொரு தோலிலும் அவருக்கு நஷ்டம். ஏன் பாய், இதை மேலே போடலாமே என்று நானே சில தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கே டவுட் வந்துடுச்சே சார், வாங்கறவனுக்கு வராதா என்பார்.

அந்த நஷ்டம் வேறு வழியில் அவருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னால்தான் நான் செய்தது புரியும்.

பதனிட்ட ஆட்டுத்தோலை இருபது இருபதாகச் சுருட்டிக் கட்டுவார்கள். மேலே ரகத்தையும் அளவையும் எழுதியிருக்கும். வாங்குகிறவன் தரப்பில் போகும் என்னைப் போன்றவர்கள் கட்டுகளை அவிழ்த்துப் பார்ப்போம். சில ஷாப்புகளில் பாதி, சில ஷாப்புகளில் எல்லாம். அவிழ்த்தால் ஒரு நாள் போய்விடும். தோல் கசங்கும், மறுபடி அடுக்கிக் கட்ட நாலு ஆள் வேண்டும். அவிழ்த்த பிறகு பேரம் வரும், அந்தத் தோலைக் கழி, இந்த அளவைக் குறை என்று. பாயுடைய கட்டுகளை மட்டும் யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நான் மட்டுமில்லை, அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி ஆளும் அவிழ்க்க மாட்டான். எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். சுமை ஏற்றுகிறவர்கள்கூட "அவுக்காத பாய் சரக்கு" என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றுவார்கள். மற்ற ஷாப்காரர்களுக்கு அதில் வயிற்றெரிச்சல். ஆனால் மறுத்துப் பேச முடியாது.

அந்தப் பேரால் அவருக்குச் சரக்கு முதலில் போகும், பணம் முதலில் வரும், பேரம் கிடையாது. ஆம்பூரில் பதனிடாத பச்சைத்தோல் விற்கும் மண்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர், ஹாஜி சாப் என்று கூப்பிடுவோம், பாய்க்கு மட்டும் முன்பணம் கேட்காமல் தோல் அனுப்புவார். நான்கு டிரம் உள்ள ஒரு சின்ன ஷாப் அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு நடுவில் நின்றது இதனால்தான். சொத்தோ வங்கியோ காரணமில்லை. அவிழ்க்காத கட்டுதான் அவருடைய கைமுதல்.

பதினைந்து வருஷம் அவர் ஷாப்புக்குப் போய் வந்தேன். வேலை முடிந்ததும் டீ வரும். டீயோடு அவருடைய பேச்சும் வரும். ரம்ஜானுக்கு அவர் வீட்டு சீர்குர்மா எங்கள் வீட்டுக்கு வரும், பக்ரீத்துக்குக் கறி வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கேக் அவர் வீட்டுக்குப் போகும். என் மனைவி வேலூரில் நர்ஸாக இருந்தாள். அவருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பத்து நாளும் அவள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். எங்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். ஒரு துண்டுத் தோல்கூட நான் அவரிடம் வாங்கியதில்லை.

எனக்கு ஓய்வு வர எட்டு மாதம் இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் இரண்டு வருஷம் ஆலோசகராக வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. பணத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். பணத்தைவிட, காலையில் கம்பெனிக் கார் வீட்டு வாசலில் வந்து நிற்பது நின்றுபோய்விடுமே என்ற பயம்தான் அதிகம். அந்தச் சமயம் சென்னை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் பிரியாணி போகிறது, அதனால்தான் பாய் கட்டை அவர் அவிழ்ப்பதில்லை என்று. அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

இரண்டு வாரம் கழித்துப் புதிதாக வந்த மேனேஜர் ஒருவர், முப்பது வயதுக்காரர், ஷாப்புகளைப் பார்க்க வேண்டும் என்று என்னோடு வந்தார். அன்று பாய் ஷாப்பில் நாற்பது கட்டு தயாராக இருந்தது. பாய் வாசலுக்கு வந்து கூட்டிப்போனார். மேனேஜருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார். வேறொரு ஷாப்பின் டெம்போ டிரைவர் காலி பேரல் வாங்க வந்து வாசலில் நின்றிருந்தார். சுமை ஏற்றுகிறவர்கள் ஐந்தாறு பேர் கட்டுகளுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தார்கள். நான் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

"பாய், இன்னைக்கு எல்லாக் கட்டையும் அவுக்கச் சொல்லுங்க" என்றேன்.

மேனேஜர் அவிழ்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

பாய் சிரித்தார். "இன்னா சார், காலைலயே தமாஷா?"

"தமாஷ் இல்ல பாய். நாப்பதும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆட்கள் அசையாமல் நின்றார்கள். அவரே போய் முதல் கட்டின் முடிச்சை அவிழ்த்தார். "சார் சொல்றாரு இல்ல, கை வைங்கப்பா" என்றார்.

நாற்பது கட்டும் அவிழ்ந்தன. மேசை போதாமல் தரையில் தார்ப்பாய் விரித்துப் பரப்பினார்கள். மத்தியானம் வரை ஒவ்வொரு தோலாகப் பார்த்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. சுத்தமான சரக்கு. கழிக்க ஒன்றுமில்லை. அங்கேதான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதல் தப்பைவிட அது பெரியது. இவ்வளவு பேரை நிற்கவைத்து, இவ்வளவு கட்டை அவிழ்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு தோலை எடுத்துத் தனியாக வைத்தேன். "இதுல நரம்பு தெரியுது" என்று மேனேஜர் காதில் விழும்படி சொன்னேன். மெல்லிய நரம்புக்கோடு இருந்தது. எல்லா ஆட்டுத்தோலிலும் இருக்கும் அளவுதான். வேறு யார் ஷாப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு முதல் ரகத்தில் விட்டிருப்பேன்.

பாய் அந்த இரண்டையும் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். புறங்கையால் ஒருமுறை தடவினார். "சரி சார். நீங்க சொன்னா சரி" என்று மடித்து வைத்தார்.

திரும்பும்போது காரில் மேனேஜர் கேட்டார், அந்த ரெண்டு தோல்ல என்ன சார் தெரிஞ்சுது, எல்லாம் ஒரே மாதிரி தானே இருந்தது என்று. அவர் வணிகம் படித்தவர். தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கு முன்னால் நல்ல பேர் வாங்கத்தான் இவ்வளவும் செய்திருக்கிறேன்.

டெம்போ டிரைவர் பேரலோடு செய்தியையும் எடுத்துப் போயிருந்தார். சாயந்திரம் ஆம்பூரில் ஒரு டீக்கடையில் நானே என் காதால் கேட்டேன், பாய் சரக்கில் இரண்டு கட்டு ரிஜெக்ட் என்று. மறுநாள் பேர்ணாம்பட்டில் அது மொத்த லாட்டும் ரிட்டர்ன் என்று ஆகிவிட்டது. நான் சொன்னது இரண்டு தோல். வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல எனக்கு அந்த டீக்கடையிலேயே வாய்ப்பு இருந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி ஆள் பாய் கட்டை அவிழ்த்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சிநேகிதனான நானே அவிழ்த்த பிறகு, அவிழ்க்காமல் விட்டால் அவனுக்கு வேலை போகும். அதற்குப் பிறகு எல்லோரும் அவிழ்த்தார்கள். அவிழ்த்தவர்கள் பேரம் பேசினார்கள். ஹாஜி சாப்பும் பச்சைத்தோலுக்கு முன்பணம் கேட்கப்போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அந்தச் சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் வேலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் அப்போதுதான் சர்ச்சிலிருந்து திரும்பியிருந்தோம். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஷாப்பில் அவர் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. பணம் கேட்பார் என்று நினைத்தேன், அல்லது ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். இரண்டும் கேட்கவில்லை.

"ஹாஜி சாப்புக்கு ஒரு போன் போட்டு, அந்த ரெண்டு தோல் ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க சார். உங்க வாயால வந்தா போதும். மத்தத நான் பாத்துக்குவேன்."

"பாக்குறேன் பாய்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் இருந்தார். என் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அவர் படியிறங்கியதும் என் மனைவி, போன்தானே, பேசிவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்றாள். கம்பெனி விஷயத்தை வெளியே பேசக்கூடாது, விதி இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அப்படி விதி ஒன்றும் கிடையாது. ஒன்றுமில்லை என்று ஹாஜி சாப்பிடம் சொன்னால், பிறகு ஏன் எடுத்து வைத்தீர்கள் என்று அவர் கேட்பார். அது சென்னை வரைக்கும் போகும். அதுதான் காரணம்.

இன்று பேசலாம், நாளை பேசலாம் என்று தள்ளினேன். ஆலோசகர் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கார் வாசலில் வந்து நின்றது. மாதனூர் வரும்போது அந்த மண்சாலை இருக்கும் பக்கம் பார்க்காமல் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். நான்கு டிரம்மில் இரண்டு நின்றது, பிறகு ஒன்றுதான் ஓடுகிறது, பிறகு வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டார் என்று ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. என்னைப் பார்த்து, உங்க தோஸ்த் இடத்தை வித்துட்டாராமே என்று யாரோ சொன்னபோது, அப்படியா என்று கேட்டேன். முதல் தடவை கேட்பவன் போல.

அதற்கெல்லாம் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு எழுபத்தைந்து முடிந்தது. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அந்த வடக்கு அறையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஷாப்புகளில் நான் கழித்த எத்தனையோ காலைகளில் அந்த அறையில் கழித்தவைதான் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கின்றன. உடம்பு தேறியதும் பஸ் ஏறி ஆம்பூருக்குப் போனேன்.

பாய் இப்போது கடைத்தெருவில் தன் மருமகன் வைத்திருக்கும் கடையில் உட்காருகிறார். செருப்புக்கு வேண்டிய பசை, நூல், உள்துணி எல்லாம் விற்கும் கடை. தாடி முழுவதும் வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. உக்காருங்க சார், இளைச்சுட்டீங்களே என்றார். பஸ்ஸில் பல தடவை ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்த இரண்டு தோலிலும் குறை ஒன்றுமில்லை, எனக்காகத்தான் எடுத்து வைத்தேன் என்று.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் சார்" என்றார். "தெரிஞ்சவன்கிட்ட வந்து சொல்றீங்களே. தெரியாதவங்ககிட்ட இல்ல சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தோலை ரகம் மாற்றிப் போடச் சொல்வது போலச் சொன்னார். ஹாஜி சாப் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார், மண்டியைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், ஆனால் காலையில் வந்து உட்காராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்றார்.

மண்டி இரண்டு தெரு தள்ளி. ஹாஜி சாப்புக்குத் தொண்ணூறு நெருங்கிக்கொண்டிருக்கிறது. காது மந்தம். அதனால் நான் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. உப்புத் தோலை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அது நல்லதுதான் என்று நினைத்து இன்னும் சத்தமாக, முழுவதையும் சொன்னேன். நாற்பது கட்டு, மேனேஜர், இரண்டு தோல், நான் போடாத போன்.

அவர் கேட்டு முடித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ரெண்டு தோல் எந்த லாட்லயும் வரும் சார். அத நான் கணக்குலயே வெக்கல" என்றார். "நீங்க அவருக்கு தோஸ்த். ஊர்ல அப்படிப் பேசறாங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். ஒரு மாசம் பாத்தேன். தோஸ்தே வாயத் திறக்கலன்னா, அப்ப நிஜமாத்தான் இருக்கும்னு முன்பணம் கேட்டுட்டேன்."

அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. டீ சொல்கிறேன் என்றார், வேண்டாம் என்று கிளம்பினேன். பாய் கடைக்குத் திரும்பினால் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. மத்தியானத் தொழுகைக்குப் போயிருந்தார். எதிர்ப்பக்கம் நிழலில் நின்றேன். அவர் கைத்தடி ஊன்றி வந்து, ஷட்டரைத் தூக்கச் சொல்லி, என்னையும் உள்ளே கூப்பிட்டார். ஹாஜி சாப் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியும் சார். அவர் பாத்துக்கினு இருக்கார்னு தெரிஞ்சுதான் அன்னிக்கு வேலூர் வந்தேன்."

"அத ஏன் பாய் அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வற்புறுத்தற மாதிரி ஆயிடும். நீங்களா பேசணும்."

ஒரு பெண் உள்துணி கேட்டு வந்தாள். அவர் துணியை விரித்துக் காட்டினார். ஓரத்தில் நூல் இழுத்திருந்த இடத்தை அவரே அவளுக்குக் காட்டி, இதத் தள்ளி வெட்டித் தர்றேம்மா என்றார். அவள் போன பிறகு, இனிமேல் வரலாமா என்று கேட்டேன். வாங்க, ஆனா அந்தப் பேச்சு வேணாம் என்றார். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதற்குப் பெயர் போடாதீர்கள் என்றார். ஆம்பூரில் அவர் பேத்தி சின்னதாகக் கைப்பை தைக்கும் யூனிட் ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். வாங்குகிறவர்கள் அவள் சரக்கை அவள் சரக்காகவே பார்க்கட்டும் என்றார்.

அதற்குப் பிறகு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். முழங்கால் வலி, மழை, பஸ் கட்டணம் இவற்றைப் பேசுகிறோம். பழைய ஷாப்பைப் பற்றி அவராகப் பேசினால் நானும் பேசுவேன். நான்காவது டிரம் செய்ய ஒடுகத்தூரில் மரம் பார்த்த கதையை இரண்டு தடவை சொல்லிவிட்டார். இரண்டு தடவையும் நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் இதுவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால், கடை தேடி வந்தவனிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. மனதில் என்ன இருந்தாலும், சரி என்று சொல்லிவிடுவார். அவர் குணத்தை வைத்து நான் ஒருமுறை லாபம் எடுத்துக்கொண்டது போதும்.